இடப்பக்கம் வளைத்த புகைக்குழாய்

எனக்குக் குரல் கிடையாது. ஊமை என்று நினைத்துவிட வேண்டாம், பேசுவேன். ஆனால் நான் பேசுவது எனக்கும் என் சட்டைப்பையில் இருக்கும் பேனாவுக்கும் மட்டும்தான் கேட்கும். பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் வரும்போது "நிறுத்துங்க" என்பேன். கண்டக்டர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். ஒரு முறை செமாபோக்கில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, இரண்டு மைல் தள்ளி இறக்கிவிடப்பட்டு நடந்து வந்தேன். (வந்து சேர்ந்தபோது பந்தியே முடிந்துவிட்டது.)

குரல் இல்லாதவர்களுக்குச் சத்தம் போடும் பொருள்கள் மேல் ஓர் ஆசை இருக்கும். சிலர் ரேடியோ வாங்குவார்கள், சிலர் நாய் வளர்ப்பார்கள். நான் மோட்டார் சைக்கிள் வாங்கினேன்.

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வரப்போகிறது என்று துரைமார்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்த வருடம் அது. மலாக்கா டவுனில் ஒரு வக்கீல் ஆபீஸில் நான் காகிதம் எழுதும் கிராணியாக இருந்தேன். அங்கே வந்துபோகும் ஒரு தோட்டத்துச் சின்னத்துரை, சீமைக்குத் திரும்பும் அவசரத்தில் தன் வண்டியை என் தலையில் கட்டினான். பச்சை நிறச் சின்ன வண்டி. சத்தமே போடாது. துரைக்கு அதில் பெருமை, எனக்கோ அது பெருங்குறை.

ஆபீஸில் என்னோடு வேலை பார்த்த தாஸ் அதை ஒரு வார்த்தையில் முடித்தான். "என்னப்பா இது, மோட்டாரா தையல் மிஷினா? என் பொண்டாட்டிக்கு ரெண்டு ரவிக்கை தச்சுக் குடேன்."

ஆபீஸே சிரித்தது. வக்கீல்கூடச் சிரித்தார். அன்று சாயங்காலமே சைலன்சரைக் கழற்றுவதென்று தீர்மானித்தேன்.

சைலன்சர் என்பது உள்ளே தடுப்புத் தகடுகள் வைத்த இரும்புக் கூடு. எஞ்சின் வெடிக்கும் சத்தம் அந்தத் தகடுகளில் முட்டி மோதி, அடங்கி, மரியாதையாக வெளியே வரும். கூட்டை எடுத்துவிட்டு வெறும் குழாயை வைத்தால், உள்ளே நடக்கும் ரகளை அப்படியே ஊருக்குக் கேட்கும். வண்டி பழக ஆரம்பித்து மூன்றே வாரம் ஆன எனக்கு அவ்வளவுதான் தெரியும். அப்படிச் செய்தால் எஞ்சினின் இழுவை குறையும், பிளக்கில் எண்ணெய் படியும், குழாய் அடுப்புபோலக் காயும் என்பதெல்லாம் தெரியாது. தெரிந்தவர்களைக் கேட்கவும் இல்லை. (கேட்டிருந்தாலும் என் கேள்வி அவர்கள் காதில் விழுந்திருக்காது.)

காஜா பெராங் சாலையில் இரும்பு ஒட்டும் பட்டறை வைத்திருந்தவர் ஆ லெக் என்ற சீனர். குழாயைப் பாதியில் அறுத்து, வலப்பக்கம் போனதை இடப்பக்கம் வளைத்து, கொஞ்சம் மேலே தூக்கி வைக்கச் சொன்னேன். சாலையோரம் நிற்பவர்கள் பார்ப்பது வண்டியின் இடப்பக்கத்தைத்தான். குழாய் பளபளவென்று அவர்கள் கண்ணில் பட வேண்டாமா?

ஆ லெக் குழாயைப் பார்த்தார், பின் சீட்டைப் பார்த்தார். "பினி டுடோக் மானா?" என்று மலாயில் கேட்டார். பெண்டாட்டி எங்கே உட்காருவாள் என்று அர்த்தம். சேலை கட்டிய பெண்கள் இடப்பக்கம்தான் காலைத் தொங்கப்போட்டு உட்காருவார்கள். அவள் ஏற மாட்டாள் என்றேன். அதில் பொய் இல்லை. வண்டியின் முன்னும் பின்னும் 'எல்' அட்டை தொங்கியது. அது தொங்கும்வரை பின்னால் யாரையும் ஏற்றக் கூடாது.

சனிக்கிழமை மத்தியானம் புதுக் குழாயோடு கம்போங் செட்டிக் குடியிருப்புக்குள் நுழைந்தேன். அதன் ஓரத்தில்தான் எங்கள் வாடகை வீடு. முதலில் கோழிகள் ஓடின. பிறகு நாய்கள் ஓடின, என்னை நோக்கியல்ல, எதிர்த்திசையில். கோயில் பக்கம் பூ கட்டிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் எழுந்து நின்றே விட்டார்கள். என் இருபத்து நான்கு வயதில் எனக்காக யாரும் எழுந்து நின்றதில்லை.

சமையலறையிலிருந்து என் மனைவி அஞ்சலை வந்தாள். கல்யாணமாகி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"நல்லாத்தாங்க இருக்கு. ஆனா நீங்க வர்ற மாதிரி இல்ல. வேற யாரோ வர்ற மாதிரி இருக்கு."

அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை, பத்து பெரெண்டாம் என்ற ஊரிலிருந்து ஓர் ஆள் சைக்கிளில் மூச்சிரைக்க வந்தான். அஞ்சலையின் அப்பா அங்கே விமானத் திடலில் புல் வெட்டும் வேலை பார்த்தவர். இரண்டு மாதமாகப் படுக்கையில் இருந்தார். ராத்திரியிலிருந்து மூச்சு இழுக்கிறது, மகளை உடனே கூட்டி வரச் சொன்னார்கள் என்றான்.

அஞ்சலை அழவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு, "பஸ்ஸுக்குப் போவோங்க" என்றாள்.

பக்கத்து வீட்டு வீராசாமி மாமா வெளியே வந்தார். நெற்றி நிறைய விபூதி, பெயரும் தமிழ்ப்பெயர், பேச்சு மட்டும் முழுக்க மலாய். கம்போங் செட்டிக்காரர்கள் பரம்பரையாக அப்படித்தான். விஷயத்தைக் கேட்டதும் தெருமுனைக்குப் போய்த் தெக்சி பிடித்து வருகிறேன் என்று கிளம்பினார். நான் வண்டியைக் காட்டினேன். அவர் தலையை ஆட்டி, "இனி மோட்டோர் தா போலே ஹாராப்" என்றார். இந்த மோட்டாரை நம்ப முடியாது என்பது அதன் பொருள்.

என் வண்டியை ஒருவர் அப்படிச் சொன்னதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. "பஸ் நின்னு நின்னு போவும். இதுல பதினஞ்சு நிமிசம்" என்று அஞ்சலையிடம் சொன்னேன். அவள் வண்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள்.

டவுனைத் தாண்டியதும் ஒரு போலீஸ்காரர் கையைக் காட்டினார். சத்தத்தைக் கேட்டே சாலை நடுவில் வந்து நின்றிருக்கிறார். சுற்றி வந்து குழாயைப் பார்த்தார், 'எல்' அட்டையைப் பார்த்தார், பின்னால் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தார். எதிலிருந்து ஆரம்பிப்பது என்று அவருக்கே குழப்பம். புத்தகத்தை எடுத்தார். நான் விளக்கம் சொன்னேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்ததால் அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. அணைத்துவிட்டுச் சொன்னேன். அப்போதும் கேட்கவில்லை.

அந்த நேரத்தில்தான் பத்து பெரெண்டாம் பஸ் எங்களைக் கடந்து போனது. நாங்கள் ஏறியிருக்க வேண்டிய பஸ். ஜன்னல் வழியே எல்லோரும் எங்களை வேடிக்கை பார்த்துக்கொண்டே போனார்கள்.

அஞ்சலை இறங்கி அந்தப் போலீஸ்காரரிடம் போனாள். மலாயில் ஒரே வரிதான் சொன்னாள், அப்பா சாகக் கிடக்கிறார் என்று. அவர் உடனே புத்தகத்தை மூடிவிட்டார். "பெர்கி லெக்காஸ்" என்று, சீக்கிரம் போகச் சொல்லிக் கையை வீசினார்.

பஸ்ஸைப் பிடித்துவிட வேண்டும் என்று முறுக்கினேன். சாலையில் ஒரு பள்ளம் வந்தது. வண்டி தூக்கிப்போட்டது. அதற்குப் பிறகு அஞ்சலை என் முதுகில் அடித்தாள். ஏதோ கத்தினாள். அந்தச் சத்தத்தில் ஒரு வார்த்தைகூட எனக்குப் புரியவில்லை. அப்பாவை நினைத்து அழுகிறாள் என்று நினைத்தேன். "அழாத, வந்துட்டோம்" என்று பதிலுக்குக் கத்தினேன். அவள் மறுபடி அடித்தாள். நான் இன்னும் வேகமாகப் போனேன்.



அவள் வீட்டுக்கு அரை மைல் இருக்கும்போது எஞ்சின் இரண்டு முறை பெரிதாக வெடித்தது. பிறகு செத்துப்போனது. உதைத்துப் பார்த்தேன், தள்ளிக்கொண்டு ஓடிப் பார்த்தேன். அஞ்சலை இறங்கி நின்று என்னைப் பார்த்தாள். முகமெல்லாம் கண்ணீர். "அழாத அஞ்சலை, ஒண்ணும் ஆவாது" என்றேன். அவள் ஏதோ சொல்ல வந்தாள். பிறகு, "நடங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு முன்னால் போனாள். கொஞ்சம் நொண்டினாள். உட்கார்ந்து கால் மரத்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, பின்னால் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன்.

அவர்கள் வீட்டுக்குத் திரும்பும் முனையில் என் மாமியார் நின்றுகொண்டிருந்தார்.

"சத்தம் கேட்டுச்சு மாப்பிள்ள. அப்புறம் டமார்னு நின்னுருச்சு. எங்கயோ விழுந்துட்டீங்கன்னு பயந்துபோயி ஓடியாந்தேன்."

அவர் அப்படிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வீட்டிலிருந்து அழுகைச் சத்தம் எழுந்தது. மாமியார் திரும்பி ஓடினார். முப்பது வருடம் கூட இருந்தவர், கடைசிப் பத்து நிமிடம் எங்களுக்காகச் சாலையில் நின்றுவிட்டார். பஸ் எப்போதோ வந்து, திரும்பியும் போய்விட்டிருந்தது.

கடைசியில் பக்கத்தில் இருந்தவர் அஞ்சலையின் அண்ணன் முனியாண்டி மட்டும்தான். நடந்ததை அவர்தான் சொன்னார்.

என் மாமனாருக்குக் காது மந்தம். நான் பேசிய எதுவும் அவருக்குக் கேட்டதே இல்லை. பெண் பார்க்கப் போன அன்று நான் சொன்ன சம்மதத்தைக்கூட இன்னொருவர்தான் சத்தமாகத் திருப்பிச் சொன்னார். அன்று காலையிலிருந்து அவர் கண்ணைத் திறக்கவில்லையாம். மாமியார் வாசலுக்கு ஓடிய அந்த நேரத்தில், தூரத்தில் என் வண்டி வெடித்த சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்திருக்கிறார்.

"எந்தக் கப்பல்டா எறங்குது?" என்று கேட்டாராம். எங்கள் பக்கம் விமானத்தை அப்போது ஆகாயக்கப்பல் என்றுதான் சொல்வார்கள்.

"கப்பல் இல்லப்பா. மாப்பிள்ளையோட மோட்டாரு."

"அப்ப அஞ்சல வந்துட்டா," என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாராம்.

முனியாண்டி சொல்லி முடித்ததும், அழுதுகொண்டிருந்தவர்களில் யாரோ ஒரு பெண் சிரித்துவிட்டாள். பிறகு இன்னொருத்தி. மாமியாரும் வாயில் சேலையை வைத்துக்கொண்டு குலுங்கினார். அது சிரிப்பா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. அஞ்சலை மட்டும் அப்பாவின் காலைப் பிடித்தபடி அசையாமல் இருந்தாள்.

மூன்று நாள் அங்கே இருந்தோம். அஞ்சலை நொண்டி நொண்டியே எல்லா வேலையும் செய்தாள். துக்கத்தில் தளர்ந்துவிட்டாள் என்று ஊரே பேசிக்கொண்டது. நானும் அப்படித்தான் நினைத்தேன். நான்காம் நாள் வீட்டுக்கு வந்ததும் அவள் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் வரவில்லை. போய்ப் பார்த்தேன். ஒரு வாளித் தண்ணீரில் உள்பாவாடையின் ஓரத்தை நனைத்து நனைத்துக் காலிலிருந்து பிரித்துக்கொண்டிருந்தாள். கெண்டைக்காலில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் இல்லை. துணி புண்ணோடு ஒட்டிப்போயிருந்தது.

அப்போதுதான் எனக்கு அந்தப் பள்ளமும், முதுகில் விழுந்த அடியும் நினைவுக்கு வந்தன.

"என்னா கத்துன அன்னிக்கு?" என்று கேட்டேன்.

"காலு சுடுது, நிறுத்துங்கன்னு."

"இறங்குனதும் சொல்லியிருக்கலாமே. வீட்டுல யார்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாமே, அஞ்சல."

அவள் நிமிராமல் துணியைப் பிரித்துக்கொண்டே சொன்னாள். "அங்க சொன்னா எல்லாரும் ஒங்களப் பேசுவாங்க. எங்கம்மா என் காலப் பாத்து அழும். எங்கப்பாவுக்கு யாரு அழுவுறது?"

ஆஸ்பத்திரிக்குத் தெக்சியில் கூட்டிப் போனேன். தெக்சி பிடித்து வந்தவர் வீராசாமி மாமா. புண் ஆற ஒன்றரை மாதம் ஆயிற்று. ஊரெல்லாம் மெர்டேக்காவுக்குத் திடலில் கூடிய நாளில் அவள் காலை முக்காலியில் நீட்டி வைத்திருக்க, நான் சமைத்தேன். (குழைந்த சோறும் கருகிய கருவாடும்.) வண்டியை விற்றுவிட்டேன். அதற்குப் பிறகு நான் மோட்டார் சைக்கிள் ஓட்டியதில்லை. அந்த 'எல்' அட்டை எனக்கு ஆயுளுக்கும் தொங்குகிறது என்று தாஸ் சொல்வான்.

மாமனாரின் திதிக்கு ஒவ்வொரு வருடமும் எல்லோரும் கூடுவோம். இலை எடுத்ததும் யாராவது ஒருவர், "எந்தக் கப்பல்டா எறங்குது?" என்பார்கள். எல்லோரும் சிரிப்பார்கள். காது மந்தமான மனிதருக்கு அரை மைலுக்கு அப்பாலிருந்து அது கேட்டிருக்குமா என்று நான் சில வேளைகளில் யோசித்ததுண்டு. முனியாண்டி மச்சானிடம் கேட்டதில்லை. அஞ்சலையும் கேட்டதில்லை.

ஆனால் எங்கள் வீட்டில் அவள் ஒரு வழக்கம் கொண்டுவந்திருக்கிறாள். மகன், மருமகன், பேரன் என்று யார் மோட்டார் சைக்கிள் வாங்கினாலும் முதலில் எங்கள் வாசலுக்குக் கொண்டுவர வேண்டும். எஞ்சினை ஓடவிட்டு முன்னால் உட்கார வேண்டும். அஞ்சலை வண்டிக்குப் பின்னால் போய் நின்று, சாதாரணமாகப் பேசுகிற குரலில், "காலு சுடுது, நிறுத்துங்க" என்பாள். உட்கார்ந்திருப்பவன் "கேக்குது" என்று பதில் சொன்னால்தான் வண்டி வீட்டுக்குள் வரலாம்.

போன மாதம் கடைசிப் பேரன் வந்திருந்தான். பிள்ளைகள் எல்லாம் கூடி நின்று சிரித்தார்கள். அவள் பின்னால் போய் நின்று சொன்னாள். அவன் வாயைத் திறப்பதற்கு முன்பே, வாசற்படியில் உட்கார்ந்திருந்த நான் "கேக்குது, கேக்குது" என்று சொல்லிவிட்டேன்.

"நீங்க சும்மா இருங்க தாத்தா, ஒவ்வொரு தடவையும் நீங்களே சொல்லிடுறீங்க," என்றான் பேரன்.