ஃபோர்மேன் கேட்ட மன்னிப்பு

"யார்கிட்டயாவது கெட்ட வார்த்தை பேசியிருந்தா, இன்னைக்கே நேர்ல போய் மன்னிப்புக் கேட்டுடணும். இல்லைன்னா நாளையிலேருந்து வேலைக்கு வர வேண்டாம்!"

புது மேனேஜரம்மா பொதுவாகத்தான் சொல்லிவிட்டுப் போனாள். அச்சக ஃபோர்மேனுக்கோ அது தன்னைத்தான் என்று பட்டது. இங்கே வாயைத் திறந்தாலே சாக்கடை என்றால் அது யாருடைய வாய் என்று அவருக்குத் தெரியாதா? அச்சு மிஷின்கள் தடதடக்க, அவற்றையும் மிஞ்சிக் கத்துகிற தொண்டை தன்னுடையது என்பதில் அவருக்குத் தனிப் பெருமை. என்ன திட்டினாலும் எல்லோரும் பல்லைக் காட்டித் தலையாட்டுவார்கள். தங்கமான ஜனங்கள்!

சாப்பாட்டு நேரம் வந்தது. மிஷின்கள் நின்றன. ஃபோர்மேன் முதலில் மிஷின்காரரிடம் போனார்.

"தம்பி, உன்னை மாடுன்னு சொன்னதுக்கு மன்னிச்சிடுப்பா."

மிஷின்காரரின் கை வாய்க்குப் பாதி வழியில் நின்றது. "என்னையா? எப்போ?"

மறந்துவிட்டது போல நடிக்கிறானே, என்ன பெருந்தன்மை! ஃபோர்மேன் உருகிப்போனார். அரைகுறையாகக் கேட்டால் அது மன்னிப்பாகுமா?

"தினமும்தான்ப்பா. காலையில வெறும் மாடு. சாயங்காலம்னா உங்கப்பாவையும் சேர்த்துக்குவேன்."

"எங்கப்பாவையா!" டிபன் டப்பாவின் மூடி பறந்தது.

"கோவிச்சுக்காதே! பைண்டிங் அக்காவைச் சொன்னதுல பாதிகூட உன்னைச் சொன்னதில்லை."

அடுத்த மேஜையிலிருந்து பைண்டிங் அக்கா எழுந்து வந்தாள். "என்னை என்ன சொன்னே?"

"வேண்டாங்கா. வெளியில சொல்ற மாதிரி இல்லை."

"சொல்லுறியா, இல்லை மேனேஜரைக் கூப்பிடவா?"

அவள் காதோடு சொன்னார். அக்காவின் முகம் ரத்தமாய்ச் சிவந்தது. கைக்குக் கிடைத்த இரும்பு ஸ்கேலை எடுத்துக்கொண்டாள்.

அவ்வளவுதான், கூட்டம் சூழ்ந்துகொண்டது. "அப்ப என்னை?" "என்னை என்னய்யா சொன்னே?" பொய் சொன்னால் வேலை போய்விடுமே என்று ஒவ்வொருவரிடமும் உள்ளதை உள்ளபடியே சொல்லி, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கும்பிடு போட்டார் ஃபோர்மேன். ஒவ்வொரு கும்பிடுக்கும் கூச்சல் ஏறியது. யாரோ அவர் சட்டைக் காலரைப் பிடித்தார்கள்.

மேனேஜரம்மா ஓடி வந்தாள். "என்ன நடக்குது இங்கே?"

"மன்னிப்புத்தான் மேடம் கேக்கறேன்! நேத்து நீங்க மிஷின் பக்கம் வந்தப்பகூட உங்களை..." சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார்.

"என்னை?"

கூட்டத்தின் பக்கம் திரும்பிய ஃபோர்மேனுக்கு அழுகையே வந்துவிட்டது. "இத்தனை வருஷமா சிரிச்ச முகமா வாங்கிக்கிட்டீங்களேய்யா! இன்னைக்கு மன்னிப்புக் கேட்டா அடிக்க வர்றீங்களே, இது நியாயமா?"

மூலையில் காகிதத் துண்டுகளைப் பெருக்கிக்கொண்டிருந்த அம்மாள் நிமிர்ந்தாள்.

"அந்த இரைச்சல்ல நீங்க பேசினது யாருக்குய்யா கேட்டுச்சு? ஏதோ பாட்டுப் பாடுறீங்கன்னுல்ல நாங்க நினைச்சோம்!"