கண்ணாடி தானாக உடைந்தது

பத்திரிகைக்காரர்களில் தலைப்புப் புலி என்று ஓர் இனம் உண்டு; பார்த்திருப்பீர்கள். முதலில் தலைப்பை எழுதிவிட்டு, அதற்குத் தோதாக ஊரில் ஏதாவது நடந்ததா என்று நிருபரைப் பார்த்துவர அனுப்பும் இனம்.

நம்முடைய புலி ஓர் உள்ளூர் நாளிதழின் செய்தி ஆசிரியர். சாதுவான மனிதர். எறும்பு ஊர்ந்தால்கூட ஒதுங்கிப் போவார். பேனாவை எடுத்தால்தான் வம்பு. சிறுபான்மையினர் நாலு பேர் கூடினால் 'கும்பல்'. மற்றவர்கள் நானூறு பேர் கூடினால் 'பொதுமக்கள்'. அவர்கள் கேட்டால் மிரட்டல், இவர்கள் மிரட்டினால் கோரிக்கை. அவர்களில் ஒருவன் திருடினால் சமூகத்தின் பெயர் முதல் வரியிலேயே வந்துவிடும். ஒருத்தி பரிசு வாங்கினால் 'நம் ஊர் மாணவி' ஆகிவிடுவாள். வஞ்சகமா? சேச்சே, பழக்கம்!

சந்தையை இடம் மாற்றுவது பற்றி நகராட்சிக் கூட்டத்தில் தகராறு. ஒரு நாற்காலி பறந்தது. மறுநாள் முதல் பக்கத்தில், 'சிறுபான்மையினர் வெறியாட்டம்!' அன்று மாலையே யாரோ ஊரின் ஒரே பல் மருத்துவமனை மீது கல் வீசினார்கள். மருத்துவர் அந்தச் சமூகத்துக்காரர். அதற்கும் புலி தலைப்புப் போட்டார்: 'பல் மருத்துவமனையில் கண்ணாடி உடைந்தது.' கண்ணாடிக்கு என்ன மனக்கஷ்டமோ!

அந்த வாரமே புலிக்குக் கடைவாய்ப் பல்லில் உயிர் போகிற வலி. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வேறெங்கே போவார்? காத்திருக்கும் அறையில் ஈ காக்கை இல்லை. சன்னலில் கண்ணாடிக்குப் பதில் அட்டை.

"வாயை நல்லாத் தொறங்க சார்." மருத்துவர் விளக்கை இறக்கினார். "அன்னிக்குக் கூட்டத்துல நானும் இருந்தேன். நாற்காலிய எறிஞ்சது உங்க கவுன்சிலர் மச்சான்."

"ஆ... ஆ..."

"என் பொண்ணு ஸ்கூலுக்கே போக மாட்டேங்குறா. வெளிய வரவே பயப்படுறா. வலிக்குதா சார்?"

"ஆ!"

வாயைக் கொப்பளித்ததும் புலி அவசரமாகச் சொன்னார்: "டாக்டர், நான் உங்களைச் சொல்லலை. அவங்களைத்தான்..."

"எங்க வீட்ல எல்லாருமே அந்த 'அவங்க'தான் சார். ரெண்டு மணி நேரம் சூடா எதுவும் சாப்பிடாதீங்க."

புலி உருகிப்போனார். அலுவலகம் போனதும் திருத்தம் எழுத உட்கார்ந்தார், நெஞ்சாரத்தான் எழுதினார். மச்சானின் பெயர் வந்த இடத்தில் பேனா நின்றது. மனைவியின் முகம் தெரிந்தது. நகராட்சி தரும் விளம்பரங்கள் தெரிந்தன. கடைசியில், 'கூட்டத்தில் நாற்காலி உடைந்ததற்கு வருந்துகிறோம்' என்று ஏழாம் பக்கத்து அடியில் ஒற்றை வரி வந்தது.

மாதக் கடைசியில் மருத்துவர் குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போனார். வழியனுப்ப ஒருவரும் வரவில்லை. அடுத்த வாரம் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில், 'ஊரில் பல் மருத்துவர் இல்லை: பொதுமக்கள் அவதி!'

நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை, எனக்குத் தெரியாதா? ஆனால் படித்துக்கொண்டு வரும்போதே, 'அது சரி, அந்த மருத்துவர் எந்த ஆளுங்க?' என்று ஒரு நொடி கேட்கத் தோன்றியதா? தோன்றியிருந்தால் கூச்சப்படாமல் சொல்லுங்கள். அந்தப் பத்திரிகையில் உதவி ஆசிரியர் வேலை ஒன்று காலியாக இருக்கிறது.