விரல் நுனியில் மன அமைதி

“அமைதியாக இருங்கள், நண்பரே,” என்றது கைபேசிக்குள்ளிருந்த பெண் குரல். அவன் விரலைக் கேமராவின் மேல் இன்னும் அழுத்தி வைத்தான். திரையில் இருந்த இதயம் சிவப்பாகவே துடித்தது.

புதிதாகச் சேர்ந்த இளைஞர்களுக்கென்று அலுவலகம் நடத்திய ஆன்லைன் மனவலிமைப் பயிற்சி அது. முடித்துவிட்டு வரச்சொல்லி இன்று வீட்டிலேயே இருக்க விட்டிருந்தார்கள். தன்னம்பிக்கை, விடாமுயற்சி எல்லாவற்றையும் கட்டிலில் படுத்தபடியே தாண்டிவிட்டான். கடைசிப் பாடம் மன அமைதி. விரலில் நாடி பார்த்து இதயம் பச்சையானால்தான் தேர்ச்சி. தேறாவிட்டால் வேலை போய்விடும் என்று யாரும் சொல்லவில்லை. அவனாகவே முடிவு கட்டியிருந்தான். அதிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

“மூச்ச அடக்கிப் பாரேன்டா,” என்றாள் அக்கா.

அடக்கினான். முகமும் சிவந்தது, இதயமும் சிவந்தது.

“இன்னும் மூன்று வாய்ப்புகள், நண்பரே.”

“அம்மா, உன் விரலக் குடு.”

“எதுக்குடா?”

“என் வேலை போகாம இருக்க.”

“ஐயோ, வேலை போகப்போகுதா?” அம்மா விரலை வைத்ததும் இதயம் கருஞ்சிவப்பானது.

“பாப்பா தூங்குறா. அவளுக்கு என்ன கவலை?” என்று அக்கா தன் குழந்தையின் பிஞ்சு விரலைப் பிடித்து வைத்தாள். பச்சைக்குழந்தையின் நாடி பெரியவர்களைவிட வேகமாக ஓடும் என்பது, இரண்டு பெற்ற அம்மாவுக்கே அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பாப்பா விழித்துக்கொண்டு வீடு இரண்டுபட அழுதாள்.

“கடைசி வாய்ப்பு, நண்பரே.”

அவனுக்கும் அழுகை வந்துவிட்டது. அத்தனை கூச்சலிலும் சோபாவில் ஒரு குறட்டை மட்டும் சுருதி மாறாமல் கேட்டது. இரவு வேலை முடிந்து வந்து படுத்திருந்த அக்காவின் கணவர். கூரை இடிந்து விழுந்தாலும் தூசியைத் தட்டிவிட்டுத் திரும்பிப் படுக்கிற மனிதர். மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“மாமா, மன்னிச்சுக்கோங்க,” என்று முணுமுணுத்தபடி அவர் விரலை எடுத்து வைத்தான்.

பச்சை!

“அபாரம், நண்பரே! உங்கள் மன அமைதி முழுமையானது.”

கல்யாணத்துக்குப் பிறகு முதன்முறையாக அம்மா மருமகனைப் பெருமையோடு பார்த்தாள். அவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

சற்று நேரத்தில் அலுவலகத்திலிருந்து அழைப்பு. பயிற்சியைக் கவனிக்கும் பெண்.

“வாழ்த்துகள் சார்! புதுசா சேர்ந்தவங்கள்ல நீங்க ஒருத்தர்தான் பாஸ்.”

“அப்ப... என் வேலை?” என்றான்.

“வேலைக்கு என்ன சார் பஞ்சம்? ஃபெயிலானவங்க எல்லாருக்கும் மனசு தேறட்டும்னு சம்பளத்தோட லீவு குடுத்து அனுப்பிட்டோம், அவங்க திரும்பி வர்ற வரைக்கும் அத்தனை பேர் வேலையையும் நீங்க ஒரே ஆளா பாத்துக்கணும்!”