பத்து நிமிடத்தில் இரண்டு முறை பிறந்த குதிரை

சனிக்கிழமை என்றால் பினாங்குப் பந்தயத் திடலின் லாயத்துக்குப் பின்னால் கால் வைக்க இடமிருக்காது. புக்கிட் மெர்தாஜாமிலிருந்து வேன் பிடித்து வருவார்கள். சூலியா தெருவில் கடையை மூடிவிட்டு வருவார்கள். எல்லாரும் வாக்குச் சாமி சுகுமாரனைப் பார்க்கத்தான். அவர் குதிரையின் காதில் ஏதோ கேட்பார், அது தலையாட்டும். ஈ மொய்த்தாலும் ஆட்டும், அது வேறு விஷயம். உடனே அது பிறந்த மண்ணைச் சொல்லிவிடுவார்.

மண் எதற்கு? அங்கே நடக்கும் ஒரு பந்தயம் இந்த நாட்டில் பிறந்த குதிரைகளுக்கு மட்டும். வளர்ப்பவரும் இங்கேயே குடியிருக்க வேண்டும். விமானத்தில் வந்திறங்கும் பணக்காரக் குதிரைகளிடமிருந்து நம்மூர்க்காரர்களைக் காப்பாற்ற வைத்த விதி. சாமி வந்த பிறகு ஆஸ்திரேலியக் குதிரையெல்லாம் முற்பிறவியில் நம்மூரில் பிறந்ததாகிவிட்டது. பந்தயக் குழுத் தலைவரும் பக்தர். பிறப்புப் பத்திரம் எதற்கு, சாமி வாக்கே போதும் என்றார்.

யுகேந்திரனுக்கு இருப்பது ஒரே குதிரை, அல்லி. அவர் கொட்டகையில், அவர் கையில் விழுந்த குட்டி. பந்தயத்தில் ஓர் இடம்தான் மீதி. அதற்கு அல்லியும், போன மாதம் வந்திறங்கிய ஒரு வெளிநாட்டுக் குதிரையும் போட்டி. இரண்டும் ஒரே பழுப்பு நிறம். யுகேந்திரன் சாமிக்குக் காணிக்கை வைக்க மறுத்துவிட்டார்.

சாமி கேட்டார். அல்லி நியூசிலாந்தில் பிறந்ததாம். விமானத்தில் வந்த குதிரையோ புக்கிட் மெர்தாஜாம் மண்ணாம். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

லாயத்துக் குதிரை மருத்துவர் சலேஹா, கேள்வி கேட்டே கெட்ட பெயர் எடுத்தவர். காணிக்கை வந்த குதிரைக்குச் சாமியின் சீடர் மஞ்சள் கயிறும் மற்றதுக்குச் சிவப்புக் கயிறும் கட்டுவதை அவர் கவனித்திருந்தார். இரண்டு குதிரைகளையும் உள்ளே கொண்டுபோய், கயிறுகளை மாற்றிக் கட்டி, முதுகில் போர்வை போர்த்தித் திரும்ப அழைத்து வந்தார்.

“அண்ணே, இந்த ரெண்டையும் கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க லா.”

சாமி மஞ்சள் கயிற்றைப் பார்த்தார், கண்ணை மூடினார். “இது நம்ம மண்ணு. சிவப்பு... அதாவது மத்தது, வெளிநாடு.”

சலேஹா போர்வைகளை உருவினார். மஞ்சள் கயிற்றில் நின்றது அல்லி. நியூசிலாந்தில் பிறந்த குதிரை பத்து நிமிடத்தில் புக்கிட் மெர்தாஜாமில் மறுபடி பிறந்துவிட்டது. கழுத்துத் தோலுக்கடியில் இருக்கும் அடையாளச் சில்லின் மேல் அவர் கருவியை வைத்தார். அது பிறந்த ஊரையும் யுகேந்திரன் பெயரையும் காட்டியது, காணிக்கை கேட்காமலேயே.

“குதிரை என்கிட்ட பொய் சொல்லிடுச்சும்மா,” என்றார் சாமி.

யுகேந்திரன் அல்லியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். அவளுக்கு இடம் கிடைத்தது. தலைவர் பத்திரங்களைத் தேடி ஓடினார். சாமி வேனைத் தேடி ஓடினார். பின்னாலேயே ஒருவர், போவதற்கு முன் தன் மகளுக்கு ஒரு வாக்குச் சொல்லிவிட்டுப் போகும்படி கெஞ்சிக்கொண்டு ஓடினார்.

குதிரை அக்கம்பக்கம் பார்க்காமல் ஓட, கண்ணோரம் பட்டை கட்டுவது வழக்கம். ஓடி முடிந்ததும் அதைக் கழற்றிவிடுகிறார்கள். நம்முடையதை நாம் எப்போது கழற்றப் போகிறோம்?