ஐந்தாவது இலையில் சாப்பிட்டது யார்

தென்காசி,
ஆடி முதல் செவ்வாய்

அன்பு மகள் ஸ்வாதிக்குப் பெரியம்மா அனுசியா எழுதுவது. காசி விசுவநாதர் புண்ணியத்தில் இங்கே எல்லாரும் சுகம். நீயும் சென்னையில் நேரத்துக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்கக் குழல்வாய்மொழி அம்மன் துணை நிற்பாள்.

போன ஞாயிறு காலை பத்து மணிக்குப் பக்கத்து வீட்டு ஞானபாக்கியம் டீச்சரின் முன்னறையில் இருந்தவர்கள் விவரம் முதலில். விசிறிக்குக் கீழே நாற்காலியில் உன் பெரியப்பா. அவருக்கு நேர் எதிரே, ஆனால் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, இலத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்த உன் அப்பா. அவர் பக்கத்தில் உன் அம்மா மாடத்தி. நடுவில் கையில் பத்திரிகையோடு டீச்சர். வாசல்நிலை ஓரமாக நான். ஆக ஐந்து பேர். டீச்சர் வீட்டுப் பூனையும் இருந்தது. பாதியில் எழுந்து போய்விட்டதால் அதைச் சேர்க்கவில்லை.

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று நீ கேட்பாய். போனில் நான் ஒருத்திக்கு அனுப்புவது எப்போதும் குடும்பக் குழுவில் போய் விழுகிறது. மூட்டுவலித் தைலம் பற்றி உன் அம்மாவுக்கு எழுதியதற்கு நாற்பத்தொரு பேர் கைகூப்பினார்கள். இது அப்படி எல்லாரும் கைகூப்பும் விஷயம் இல்லை.

எல்லாவற்றுக்கும் காரணம் நீ எழுதிய கதைதான். பத்திரிகை வந்த அன்றே விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்து படித்தேன். முடிந்துவிட்டது. அடுத்த பக்கத்தைத் திருப்பினால் பல்பொடி விளம்பரம். நடுவில் தாள் கிழிந்திருக்குமோ என்று பக்க எண்ணைப் பார்த்தேன், சரியாக இருந்தது. சொற்களை எண்ணினேன், நூற்றெண்பத்தெட்டு. மறுபடியும் எண்ணினேன், அதே நூற்றெண்பத்தெட்டு. உன் பெரியப்பாவும் அப்பாவும் போட்ட பதினாறு வருஷச் சண்டையை நூற்றெண்பத்தெட்டுச் சொல்லில் முடித்திருக்கிறாயே, நான் பால்காரரிடம் நாளைக்கு வேண்டாம் என்று சொல்வதற்கே அதைவிட அதிகம் ஆகும். எட்டாம் வகுப்போடு நின்றவளுக்குப் புரியவில்லை போலும் என்று டீச்சரிடம் கொண்டுபோனேன். டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்து, கண்ணாடியைக் கழற்றி, "அனுசியா, பிள்ளை பெரிய ஆளாயிட்டா. சொல்லாம விடுறதுதான் இதுல உத்தி" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தினமும் வந்தவர் யார், சமைத்தது என்ன என்று முப்பது வருஷமாக நோட்டில் எழுதிவருகிறவள் நான். என் நோட்டில் ஒன்று விட்டுப்போனால் அதற்குப் பெயர் தப்பு. உனக்கு மட்டும் அது எப்படி உத்தி?

அதனால் அந்தப் பழைய நோட்டைப் பரணிலிருந்து இறக்கினேன். சண்டை வந்த வருஷத்து ஆடி அமாவாசை, அப்போது நாம் எல்லாரும் ஒரே வீடு. உன் பெரியப்பாவும் அப்பாவும் சேர்ந்து குற்றாலம் அருவியில் குளித்து, உன் தாத்தாவுக்கு எள்ளும் தண்ணீரும் விடுவதாக ஏற்பாடு. உன் அப்பாவுக்கு அப்போது செங்கோட்டை மரக்கடையில் வேலை, ராத்திரி அங்கேயே தங்கியவர் பஸ் கிடைக்காமல் வந்து சேர ஒன்பது ஆகிவிட்டது. அங்கே அருவிக்கரையில் கூட்டமான கூட்டம், ஐயர் அவசரப்படுத்த, உன் பெரியப்பா தம்பிக்குக் காத்திராமல் தர்ப்பணத்தை முடித்துவிட்டார். "அப்பாவுக்குத் தண்ணி விட நான் வேண்டாமா?" என்று வீட்டுக்கு வந்து இலை போட்ட நேரத்தில் ஆரம்பித்த உன் அப்பா, இந்த வீட்டில் இனிப் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டேன் என்று சொல்லி வெளியே போனார். மறுவாரம் உங்களையும் கூட்டிக்கொண்டு இலத்தூரில் வீடு பார்த்துப் போனவர்தான். உன் கதையில் தாத்தா இல்லை, அருவி இல்லை, ஐயர் இல்லை. பூசணிக்காய்க் கூட்டும் வாழைக்காய்ப் பொரியலும் பாசிப்பருப்புப் பாயசமும் செய்தேன், அத்தனையையும் "சோறு" என்று ஒரே சொல்லில் போட்டுவிட்டாய். உரலில் இடித்தவள் கை அது, ஸ்வாதி.

விட்டதையெல்லாம் ஒரு தாளில் எழுதி உன் பெரியப்பாவிடம் காட்டினேன். அதுதான் நான் செய்த தப்பு. அவர் கதையைப் படித்துவிட்டு உங்கள் வீட்டுக்கு ஆள் மூலம் சொல்லி அனுப்பினார், "உம்மவ என்னைச் சந்தியில நிறுத்திட்டா." உன் அப்பா பதிலுக்கு, "அவிய மட்டுமா நிக்காவ, நானும்தான் நிக்கேன்" என்று சொல்லி அனுப்பினார். கடைசியில் பொது இடமாக டீச்சர் வீடு முடிவானது.

டீச்சர் ஒவ்வொரு வரியாக வாசித்து விளக்கம் சொன்னார். கதையில் யாருக்கும் பெயர் இல்லாதது ஒரு உத்தி, எந்த வீட்டுக்கும் பொருந்தும் என்றார். உன் பெரியப்பாவுக்கு மூக்கு விடைத்தது. "முப்பத்திரண்டு வருஷம் மின்வாரியத்துல லிங்கேஸ்வரன்னா தெரியாத கம்பம் கிடையாது. என்னை 'மூத்தவர்'னு போட்டிருக்கா. எந்த ஊரு மூத்தவரு?" என்றார். உன் அப்பா ஜன்னலைப் பார்த்தபடியே, "டீச்சர், அண்ணாச்சிகிட்ட சொல்லுங்க, எனக்கு அதுவும் இல்ல, வெறும் 'இளையவன்'. மரியாதைக்கு ஒரு 'ர்' கூடப் போடல எம்மவ" என்றார். எதிரெதிரே மூன்றடி தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, டீச்சர் வழியாகப் பேச்சு.

அடுத்த வரி, "மூத்தவர் செம்பைக் கீழே வைத்தார். சத்தம் கேட்டது." டீச்சர், "கோபம்னு ஒரு சொல் இல்ல பாருங்க, ஆனா அந்தச் சத்தத்துல கோபம் முழுக்க இருக்கு" என்று பரவசப்பட்டார். உன் பெரியப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "என்னது, வச்சேனா? எறிஞ்சேன் டீச்சர். சுவத்துல பட்டு உருண்டு கிணத்தடிவரை போச்சு" என்றார். பதினாறு வருஷமாக, கை தவறி விழுந்தது, கை தவறி விழுந்தது என்று என் தலையில் சத்தியம் செய்த மனுஷர். உன் அப்பா முதல் தடவையாக முகத்தைத் திருப்பி, "கேட்டுக்கிட்டீங்களா, அவியளே சொல்லுதாவ" என்றார். டீச்சர் வழியாகச் சொல்ல மறந்துவிட்டார்.

அப்புறம், "இளையவன், 'வேண்டாம்' என்றான்." உன் அப்பா எழுந்தே விட்டார். "நான் முக்கா மணி நேரம் பேசினேன். தெருவே கேட்டுது. அதை ஒரு சொல்லா ஆக்கி வச்சிருக்கா." உன் பெரியப்பா, "முக்கா மணி இல்லலே, ஒரு மணி நேரம். நான் கடியாரத்தைப் பாத்தேன். நல்லாத்தான் பேசின, அதையெல்லாம் விட்டுட்டா" என்றார். பழையபடி தம்பியை லே என்று கூப்பிட்டுவிட்டார். அதன் பிறகு என்ன நடந்தது என்று கேள். இவர் ஒன்று சொல்ல அவர் ஒன்று சேர்க்க, அருவிக்கரையில் ஐயர் குடை பிடித்த கை எது என்பதிலிருந்து உன் அப்பா சட்டையில் எத்தனை பொத்தான் போட்டிருந்தார் என்பதுவரை, இரண்டு பேரும் கூட்டுச் சேர்ந்து உன்னைக் குற்றம் சொன்னார்கள். "பிள்ளை ஒண்ணையுமே சரியாப் பாக்கல அண்ணாச்சி." "சின்னப் பிள்ளைதானலே, பதினோரு வயசு." உன் அம்மா என் காதில், "அக்கா, சண்டையப் பத்திப் பேசையில எம்புட்டு ஒத்துமையா இருக்காவ பாத்தியளா" என்றாள். சிரிப்பை அடக்க நான் முந்தானையைக் கடித்துக்கொண்டேன்.

அதோடு விட்டிருக்கலாம். டீச்சர் கடைசி வரியையும் வாசித்தார். "சாயங்காலம் பார்த்தபோது ஐந்தாவது இலை உள்பக்கமாக மடித்துக் கிடந்தது." இது திறந்த முடிவு, இலை ஒரு குறியீடு என்றார். உன் அம்மா, "குறியீடு சோறு திங்குமா டீச்சர்? மடிச்ச கை யாரு கை?" என்று கேட்டாள். அவள் கேட்டது வெகுளியாகத்தான். உன் பெரியப்பா விரலை மடக்கி எண்ணினார். "இலை போட்டது அஞ்சு. நான், அனுசியா, மாடத்தி, ஸ்வாதி, நாலு பேருதான் உக்காந்தோம். அஞ்சாவது யாரு? காக்கா தின்னா இலையை மடிக்காதுல்லா." உன் அப்பா மறுபடியும் ஜன்னலுக்குப் போய்விட்டார். நான் காப்பி போடப் போகிறேன் என்று டீச்சர் வீட்டு அடுக்களைக்குள் நுழைந்துவிட்டேன். சர்க்கரை எங்கே இருக்கும் என்றுகூட எனக்குத் தெரியாது.

உனக்குத் தெரிந்திருக்கிறது, இல்லையா? அன்று சாயங்காலம் நீ மொட்டைமாடிப் படியில் உட்கார்ந்து புளியங்கொட்டை எண்ணிக்கொண்டிருந்தாய் என்றுதான் நினைத்தேன். உன் பெரியப்பா உள்ளே குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். பின்கதவு வழியாக உன் அப்பா வந்து நின்றார். அந்த ஐந்தாவது இலையில் பரிமாறினேன். பாயசம் இரண்டு தடவை வாங்கினார். இலையை உள்பக்கமாக மடித்துவிட்டு, "மதினி, அண்ணாச்சிக்குத் தெரிய வேண்டாம்" என்று சொல்லிப் போனார். விருந்து சாப்பிட்டு உறவு நிலைக்கட்டும் என்கிறவன்தானே உள்பக்கமாக மடிப்பான். அவர் வைராக்கியம் அன்று சாயங்காலமே முடிந்துவிட்டது, மகளே. சொல்லத்தான் ஆள் இல்லை. நான் சொன்னால் உன் அப்பாவுக்கு மானம் போகும், என் புருஷனிடம் நான் மறைத்ததும் வெளியே வரும்.

இப்போது உன் பெரியப்பா குளிக்கையிலும் சாப்பிடுகையிலும், "அந்த அஞ்சாவது இலை யாருட்டி?" என்று கேட்கிறார். கேட்டுக் கேட்டு மறுபடியும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார் என்றால், ஞாயிற்றுக்கிழமை கூடி வந்தது எல்லாம் வீண். இந்த அமாவாசைக்காவது இரண்டு பேரும் ஒன்றாக நின்று தண்ணீர் விட வேண்டும் என்று கீழப்பாவூர் நரசிம்மருக்குப் பானகம் நேர்ந்திருக்கிறேன். நான் பொய் சொல்ல மாட்டேன். கதை எழுதுகிறவள் நீ சொல்லலாம், அது தொழில். ஆகவே பத்திரிகைக்கு ஒரு திருத்தம் எழுதி அனுப்பு. நான் இணைத்திருக்கும் தாளில் உள்ள விடுபட்டவை மொத்தம் அறுபத்து மூன்றையும் சேர்க்கச் சொல். கடைசியில், ஐந்தாவது இலையில் சாப்பிட்டது அந்தச் சின்னப் பெண்தான், பசி தாங்காமல் இரண்டாம் தடவை உட்கார்ந்தாள் என்று ஒரு வரி போட்டுவிடு. உனக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

தீர்க்காயுசாக, நல்ல கைராசியோடு, சீக்கிரமே மாலையும் கழுத்துமாக நீ இருக்க வேண்டும் என்று ஆசீர்வதிக்கும்,
பெரியம்மா அனுசியா

பின்குறிப்பு: மேலே எழுதியதில் ஒன்றையும் செய்யாதே. கடிதத்தை மடிக்கப் போகும்போது உன் பெரியப்பா அந்தப் பழைய நோட்டோடு வந்து நின்றார். அன்றைய பக்கத்தில் கூட்டு, பொரியல், பாயசம் எல்லாம் எழுதி, கீழே "இலை ஐந்து" என்று மட்டும் போட்டு நிறுத்தியிருக்கிறேன். எல்லா நாளும் சாப்பிட்டவர் பெயர் இருக்கிறது, அன்று மட்டும் இல்லை. உன்னை இத்தனை திட்டினேனே, உனக்கு முன்னால் அதே உத்தியை நான் செய்து வைத்திருக்கிறேன். "என்னட்டி, பேரு எங்க?" என்றார். அவர் நோட்டை மூடிவிட்டு, "பின்கதவுத் தாழ்ப்பாளை அன்னைக்கு நான்தான் எடுத்து விட்டேன். அவன் பசி தாங்க மாட்டான்" என்றார். கதவு எப்படித் திறந்திருந்தது என்று நானும் பதினாறு வருஷமாக யோசித்ததுண்டு. அப்படியானால் குறட்டை நடிப்பா என்று கேட்டேன். "பாதி" என்றார். பிறகு ஏன் இத்தனை வருஷம் பேசவில்லை என்றால், "தின்னுட்டுப் போனவன் வந்து பேசுவான்னு இருந்தேன்" என்றார். இப்போது உன் அப்பாவுக்குப் போன் போட்டு, "அமாவாசையன்னைக்குக் காலையில அஞ்சரைக்கு அருவிக்கரையில நிப்பேன். நீ வராம ஆரம்பிக்க மாட்டேன்லே" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். கதவைப் பற்றியோ இலையைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. நீயும் கதையில் ஒரு சொல் கூட்டாதே.

அமாவாசைக்கு நாலு இலை நறுக்கவா, ஐந்து இலை நறுக்கவா? நீ வருகிறாயா என்று சீக்கிரம் பதில் எழுது.