பெரியம்மாவின் முட்டி

உட்காரும்போது ஒன்றும் தெரியவில்லை. எழுந்திருக்க நினைத்தபோதுதான் இடது முட்டி முடியாது என்று சொல்லிவிட்டது.

பெரியம்மா இன்னொரு முறை தரையில் கையை ஊன்றிப் பார்த்தாள். வலியில் உயிர் போனது. சுற்றிலும் மரக்கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்த குழந்தைகள் வேலையை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தன. பகல்நேரக் குழந்தைகள் காப்பகத்தில் மூன்று வயது, நான்கு வயதுக் குழந்தைகளின் அறை அவளுடையது. அவர்களைப் பொறுத்தவரை அவளுக்குப் பெரியம்மா என்பதைத் தவிர வேறு பெயர் கிடையாது.

வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டது. காப்பகத்தை நடத்தும் மேடம் ரவுண்ட்ஸ் வருகிறார்.

தரையில் உட்கார்ந்து சட்டென்று எழ முடியாதவர்களுக்குக் குழந்தைகள் அறையில் வேலை இல்லை என்பது மேடத்தின் சட்டம். ஓடிப்போய் ஒரு குழந்தையைத் தூக்க முடியாதவர் இங்கே எதற்கு என்பார். அதில் நியாயம் இல்லாமல் இல்லை, பெரியம்மாவின் எரிச்சலே அதுதான். போன வருஷம் அடுத்த அறைக்காரிக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. ஒரு பூங்கொத்தைக் கொடுத்து, கை தட்டி, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

"என்ன, கட்டை அடுக்குற நேரம் முடிஞ்சாச்சு, இன்னும் தரையிலயே இருக்கீங்க?" என்றார் மேடம்.

"கதை சொல்லிட்டு இருக்கேன் மேடம். குழந்தைங்க உயரத்துக்கு நாமளும் இறங்கி வந்தாதானே காதுல ஏறும்?"

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டோம் என்பது மேடத்தின் முகம் மலர்ந்தபோதே அவளுக்குப் புரிந்தது.

"அருமையா சொன்னீங்க! இதைத்தான் நான் எல்லாருக்கும் சொல்லணும்னு இருந்தேன்."

மறுநாள் எல்லா அறைகளிலிருந்தும் நாற்காலிகள் காணாமல் போயின. இனிமேல் ஊழியர்கள் குழந்தைகளின் உயரத்திலேயே இருக்க வேண்டுமாம். மற்ற அறைக்காரிகள் பெரியம்மாவைப் பார்த்த பார்வையில் பால் திரிந்திருக்கும். அவளுக்கு ஆதரவாகப் பேசியது சமையல்காரம்மா மட்டும்தான், அதுவும் பாதி.

"உனக்கு எதுக்குடி இந்த வாய்? பேசாம வலிக்குதுன்னு சொல்லிட்டு வீட்டுல உட்கார வேண்டியதுதானே? பையன்தான் வெளிநாட்டுல நல்லா இருக்கானே."

"வீட்டுல உட்கார்ந்து யார்கிட்டக்கா பேசுறது? சுவர்கிட்டயா?"

பெரியம்மாவின் கணவர் போய்ச் சேர்ந்து நாளாயிற்று. ஞாயிற்றுக்கிழமை மகன் போனில் வருவான், நெட்வொர்க் சரியில்லை என்று போய்விடுவான். மற்ற நாட்களில் அந்த வீட்டில் அவளை ஏதாவது ஒரு பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லை. இங்கே வந்தால் செருப்பைக் கழற்றுவதற்குள் பத்துப் பன்னிரண்டு வாய் கூப்பிடுகிறது. அதை விட்டுவிட்டு எங்கே போவது என்று நினைத்தாலே அவளுக்கு அழுகை வந்தது.

நாற்காலி போனபின் குனிந்து நிமிரும் வேலையையாவது குறைக்கலாம் என்று குழந்தைகளை வேலை வாங்க ஆரம்பித்தாள். பந்தை எடுத்து வா, துண்டை எடுத்து வா, என் கையைப் பிடித்து இழு. இழுப்பதென்றால் அவர்களுக்குக் கொண்டாட்டம். எல்லோருமாகச் சேர்ந்து இழுப்பார்கள், அவள் எழுவாள், அவர்கள் விழுவார்கள்.

உச்சிக்கொண்டை போட்ட ஒரு குட்டிப்பெண் மட்டும் விழுந்த இடத்திலிருந்து கேட்டாள்.

"ஏன் பெரியம்மா உங்களால எந்திரிக்க முடியலை?"

"முட்டி வலிக்குதுடா கண்ணு."

"நிறைய வலிக்குதா?"

"நிறைய. ஆனா மேடம்கிட்ட மூச்சு விடக் கூடாது, சரியா?"

கொண்டைக்காரி ரொம்ப யோசனையோடு தலையாட்டினாள்.

அந்த வாரக் கடைசியில் ஒரு தாய் மேடத்தின் அறைக்கு வந்தாள். "என் பொண்ணு வீட்டுல காலை இழுத்து இழுத்து நடக்கிறா மேடம். உட்கார்ந்து எந்திரிச்சா, 'அப்பாடா, கடவுளே'ங்கிறா. அவளுக்கு நாலு வயசுதான் ஆகுது!"

அடுத்து ஒரு அப்பா வந்தார். அவருடைய மகன் மாடிப்படியில் பாதியில் நின்று, இடுப்பில் கைவைத்து, பெருமூச்சு விடுகிறானாம்.

விஷயம் பெரியம்மாவின் காதுக்கும் வந்தது. அந்த 'அப்பாடா, கடவுளே' யாருடையது என்று அவளுக்குத் தெரியாதா? இத்தனை நாள் மேடத்தின் கண்ணில் மண்ணைத் தூவி என்ன பயன், இந்தக் குட்டிப் பிசாசுகள் அவளை அச்சு அசலாகப் பிடித்து வைத்திருக்கின்றன.

மேடம் தரைதான் காரணம் என்று முடிவுக்கு வந்தார். கெட்டித் தரை பிஞ்சுக் கால்களுக்கு ஆகாது. உடனே அறை முழுக்கத் தடித்த பஞ்சு விரிப்பு வந்தது. அதில் கால் வைத்தால் கணுக்கால்வரை புதைந்தது. குழந்தைகள் குதித்தார்கள். பெரியம்மா ஒவ்வொரு அடியும் சேற்றில் நடப்பதுபோல் நடந்தாள். இரண்டு நாளில் வலது முட்டியும் இடது முட்டியோடு கூட்டுச் சேர்ந்துகொண்டது.

இனி ஒரே வழிதான். நேராக நடக்க வேண்டும், நொண்டக் கூடாது. பார்த்துப் பழக ஒன்றும் இல்லாவிட்டால் குழந்தைகள் தானாக மறந்துவிடும்.

மருந்துக் கடையில் வலிக்கு வீரியமான மாத்திரையாகக் கேட்டு வாங்கினாள். புடவைக்குள்ளே இரண்டு முட்டியிலும் இறுக்கமாகப் பட்டை கட்டினாள். பல்லைக் கடித்துக்கொண்டு, சிப்பாய் மாதிரி அறைக்குள் நுழைந்தாள். ஒரு முனகல் இல்லை, ஒரு சாய்வு இல்லை.

"பெரியம்மா! இன்னிக்கு வலிக்கலையா?" கொண்டைக்காரி ஓடிவந்தாள்.

"இல்லவே இல்லை. போயிடுச்சு!"

குழந்தைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவ்வளவுதான், அறையே ஓ என்று கத்தியது. பிறகு, அதுவரை சும்மா இருந்தவர்கள்கூட நொண்ட ஆரம்பித்தார்கள். முந்தைய நாள்வரை ஒரு காலில் நொண்டியவர்கள் இரண்டு காலிலும் நொண்டினார்கள். அதிலும் என்ன உற்சாகம்! பெரியம்மாவுக்குத் தலை சுற்றியது. அவள் நிமிர நிமிர இவர்கள் குனிகிறார்களே, இது என்ன கொடுமை?

மாலையில் அழைத்துப்போக வந்த பெற்றோர் வாசலிலேயே உறைந்து நின்றார்கள். ஒரு அறைக் குழந்தைகள் மொத்தமும் விந்தி விந்தி வரிசையாக வெளியே வந்தால் யாருக்குத்தான் ஈரக்குலை நடுங்காது? ஒட்டுவாரொட்டிக் காய்ச்சல் என்றார் ஒருவர். தண்ணீரில் ஏதோ கலந்திருக்கிறது என்றார் இன்னொருவர். சமையல்காரம்மா கரண்டியோடு வெளியே வந்து அவரைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் காலை டாக்டர் வந்துவிட்டார். கூடவே ஒரு நர்ஸ், தட்டு நிறைய ஊசி. பெற்றோர் சுவரோரமாக நின்றார்கள். டாக்டர் ஒவ்வொரு காலாக மடக்கி நீட்டிப் பார்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை.

"ரத்தம் எடுத்துப் பார்த்துடலாம். எல்லாருக்கும்" என்றார்.

ஊசியைக் கண்டதும் முதல் குழந்தை வீறிட்டது. அதைப் பார்த்து அடுத்தது அழுதது. கொண்டைக்காரி அழவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு, சட்டைக் கையை மேலே சுருட்டிக்கொண்டு, தானாக முன்னால் வந்து நின்றாள்.

அதற்கு மேல் பெரியம்மாவால் தாங்க முடியவில்லை.

"நிறுத்துங்க டாக்டர்! குழந்தைங்களுக்கு ஒண்ணும் இல்லை. எல்லாம் நடிப்பு. என்னைப் பார்த்துதான் நடிக்குதுங்க. முட்டி வலி எனக்கு."

டாக்டர் அவளை உட்காரச் சொன்னார். நாற்காலிகள்தான் இல்லையே! மேடத்தின் அறையிலிருந்து ஒன்றைத் தூக்கிவந்தார்கள். பட்டையை அவிழ்த்துப் பார்த்த டாக்டர் உச்சுக் கொட்டினார்.

"இதை வச்சுக்கிட்டு எப்படிம்மா இத்தனை நாள் நடந்தீங்க? இனிமே இந்த வேலை கூடவே கூடாது."

பெற்றோருக்கு நிம்மதி தாங்கவில்லை. சிரித்தார்கள். ஒருவர் குழந்தையின் 'அப்பாடா, கடவுளே'யைச் செய்து காட்டினார். எல்லோரும் இன்னும் பலமாகச் சிரித்தார்கள். பெரியம்மாவும் சிரித்து வைத்தாள். கோபித்துக்கொள்ள அவர்கள் ஒன்றும் தப்பாகச் செய்துவிடவில்லை.

மேடம் அவள் தோளில் கைவைத்தார். "முன்னாடியே சொல்லியிருக்கலாமே. நல்லா ரெஸ்ட் எடுங்க. உங்க நல்லதுக்குத்தான்." அந்தக் குரல் நிஜமாகவே கனிவாக இருந்தது. திட்டியிருந்தால் இவளும் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லியிருப்பாள். கனிவோடு என்னத்தைச் சண்டை போடுவது?

பையை எடுத்துக்கொண்டாள். அலமாரியிலிருந்த மாற்றுப் புடவையைச் சமையல்காரம்மா மடித்து உள்ளே வைத்தாள். இருவரும் முகத்தைப் பார்த்துக்கொள்ளவில்லை. ஒளிக்க எதுவும் இல்லாததால் பெரியம்மா சுவரைப் பிடித்து, தாராளமாக நொண்டிக்கொண்டே வாசலுக்கு வந்தாள்.

பின்னாலேயே குழந்தைகள் அத்தனையும் வந்தன. அத்தனையும் நொண்டிக்கொண்டு.

"போதும்டி நடிச்சது!" கொண்டைக்காரியின் அம்மா மகளின் கையைப் பிடித்து நிறுத்தினாள். "பெரியம்மாதான் வீட்டுக்குப் போறாங்களே, இனிமே யாரைப் பார்த்து நொண்டப் போறே?"

கொண்டைக்காரி கையை உதறிக்கொண்டு, அழுகையும் கோபமுமாக அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"நாங்க ஒண்ணும் நடிக்கலை. பெரியம்மாவுக்கு நிறைய வலிக்குதுன்னு ஆளுக்குக் கொஞ்சம் வாங்கிக்கிட்டோம். இனிமே அவங்களுக்கு வீட்டுல வலிச்சா யாரும்மா வாங்கிக்குவாங்க?"