நான்காவது கட்டத்தின் மூன்றாவது பலகை

தேவையில்லாத இடத்தில் பெருமை பேசுவதில் எனக்கு இணையான ஆள் திருத்தணி வட்டத்திலேயே கிடையாது. அந்த வியாதி முற்றியது என் கல்யாணத்துக்கு இருபது நாள் முன்பு, பொதட்டூர்பேட்டையில், பெண் வீட்டுக் கூடத்தில்.

பத்திரிகை ப்ரூஃப் காட்டுவதற்காக பஸ் ஏறிப் போயிருந்தேன். (போனில் அனுப்பினாலே போதும்தான். அப்புறம் தேவகியை எப்படிப் பார்ப்பது?) அவள் தம்பி குமார் பரணைச் சுத்தம் செய்து, பழைய டிவி கேம் ஒன்றை இறக்கி வைத்திருந்தான்.

"இத்த இன்னும் யாராச்சும் ஆடுவாங்களா பாவா? தூக்கிப் போட்டுடலாம்னு இருக்கேன்."

எனக்குச் சுருக்கென்றது. என் சிறுவயது விடுமுறைகளை முழுசாகத் தின்ற கேம் அது. மஞ்சள் சட்டைக் குள்ளன் ஒருவன் ஓடுவான், குதிப்பான், விழுவான், அவ்வளவுதான் கதை. ஆனால் விளம்பரம் பார்த்தால் இன்னோர் உயிர் தருகிறேன் என்கிற செல்போன் கருணையெல்லாம் அதில் கிடையாது. சரியாகக் குதித்தால் பிழைப்பாய், தப்பினால் போய்ச் சேர்வாய். அந்த நேர்மை எனக்கு இன்றும் மலைப்புத்தான். இதையெல்லாம் குமாருக்குப் பிரசங்கம் செய்துவிட்டு அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

"கடைசி வரைக்கும் முடிச்சிக் காட்டறேன். தோத்துட்டா தூக்கிப் போடு" என்றேன்.

விஷயம் கேள்விப்பட்டு மாமனார் பக்கத்து அறையில் ஓடிக்கொண்டிருந்த விசைத்தறிகளையே நிறுத்திவிட்டு வந்தார். மாமியாரும் வந்து உட்கார்ந்தார். வரப்போகும் மாப்பிள்ளை எதற்காவது லாயக்கா என்று பார்க்க அவர்களுக்கு அதைவிட நல்ல வாய்ப்பு ஏது?

நான்காவது கட்டத்தில் மாட்டிக்கொண்டேன். கீழே நெருப்புக் குழம்பு. மேலே ஏறி இறங்கும் மூன்று பலகைகள். முதல் இரண்டும் சரி, மூன்றாவதில் விழுவேன். சின்ன வயதிலும் அங்கேதான் விழுந்தேன். "பட்டன் சரியா அமுங்கல" என்றேன். மாமனார் இருமினார். ஒரே ஓர் உயிர்தான் மிச்சம்.

"இப்டி குடுங்க" என்று கையை நீட்டினாள் தேவகி. அது எப்போதும் தம்பியின் சொத்து. அவள் தொட்டதே இல்லை. "டேய் குமாரு, சவுண்டு வை."

(அப்பாவுக்குப் பயந்து, டிவி சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்து ஆடி வளர்ந்தவன் நான். அன்றும் பழக்க தோஷத்தில் குறைத்துத்தான் வைத்திருந்தேன்.)

சத்தம் வந்ததும் அசந்துபோனேன். ஒவ்வொரு பலகையும் திரும்புவதற்குச் சற்று முன்பு 'டொக்' என்றது! இத்தனை வருடமாக அந்த விளையாட்டு எனக்கு வழி சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. தேவகி திரையைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மூணாவது கொஞ்சம் லேட்டா வருதுங்க. நாலு தறி ஓடிகினு இருக்கும்போது எதுல நூல் அறுந்துச்சின்னு சத்தத்துலயே தெரியும். இது மூணுதானே?"

ஒன்று தாண்டினாள். இரண்டு தாண்டினாள். என் சவால், என் மானம் எல்லாம் எனக்கு மறந்துபோனது. சத்தியமாகச் சொல்கிறேன், கண் கலங்கிவிட்டது. என்னையும் அறியாமல் கத்தினேன்:

"முருகா! இவ மட்டும் தாண்டிட்டா நான் மொட்டை அடிச்சிக்கிறேன்!"

தாண்டிவிட்டாள்.

"நைனா, அக்கா தாண்டிடிச்சி!" என்று குமார் குதித்தான். மாமியார் மட்டும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"சாமியாண்ட வாய் உட்டுட்டு மணையில உக்கார வாணாம் மாப்ள. கண்ணாலத்துக்கு முன்னாடியே முடிச்சிடுங்க."

"அத்தை, இது சும்மா கேமு..."

"தணிகை மலை அடிவாரத்துலயே பொறந்துட்டு, சும்மான்றீங்களே!"

கல்யாண போட்டோவுக்காக ஆறு மாதம் எண்ணெய் தடவி வளர்த்த முடி. மறுநாள் காலை படியேறி, மொட்டை போடும் இடத்தில் உட்கார்ந்தேன். தலையை நனைத்தவர், "இன்னா வேண்டுதல்?" என்றார். சொன்னேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"அந்தப் பொண்ணு தாண்டிச்சா?"

"ஆங், தாண்டிச்சி."

"அப்போ குனிங்க."

அந்த டிவி கேமைக் குமார் தூக்கிப் போடவில்லை. ஊருக்குப் போகும்போதெல்லாம் தேவகி ஒருமுறை முழுசாக முடித்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவாள். நான் இன்னும் மூன்றாவது பலகையில் விழுந்துகொண்டிருக்கிறேன். சத்தம் கேட்டும் விழுகிறேன். ஆனாலும் ஒவ்வொரு முறையும் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, வாயைப் பிளந்து பார்க்கிறேன்.

போன மாதம் குமாருக்கு டிரைவிங் டெஸ்ட். எட்டுப் போட்டுக் காட்ட வேண்டும். காலையிலேயே போன் செய்தான்.

"பாவா, எனக்காக முருகனாண்ட எதுவும் பேசிடாதீங்க. அடுத்த வாரம் உங்க கல்யாண நாளு. இந்த வாட்டியாச்சும் முடியோட போட்டோ எடுக்கணும்னு அக்கா சொல்லிகினு இருக்குது."